துணை இருக்கை

ஆண்டுக்கு ஒருமுறை முதுகலை மாணவிகளை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போவது என் வழக்கம். பழைய காகிதத்தின் மணத்தை ஒருமுறையாவது அவர்கள் முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒருமுறை திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம் "மார்ஷல்ஸ் ரோடு வழியாப் போங்க" என்றேன். கண் மருத்துவமனை தாண்டும்போது ஒரு மாணவி பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இங்க ருக்மணி லட்சுமிபதி சாலைன்னு போட்டிருக்கே மேம், யார் இவங்க?" நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள், "யாராவது எம்.எல்.ஏ. சம்சாரமா இருக்கும்டி" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர், சென்னை மாகாணத்தின் ஒரே பெண் அமைச்சர் என்று இரண்டு வரி சொன்னேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெண் எழுத்து, பெண் வரலாறு என்று இருபது ஆண்டாக வகுப்பெடுக்கிறவள் நான். அந்தச் சாலையை மார்ஷல் என்ற வெள்ளைக்காரப் பெயரால் அழைத்துத்தான் எனக்குப் பழக்கம். அந்த வெட்கத்தில் தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

ருக்மணி 1892-இல் சென்னையில் ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தவர். பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆயுர்வேத மருத்துவர் ஆசண்டா லட்சுமிபதியை மணந்தார். சாதியும் நிலமும் கல்வியும் சேர்ந்து அவருக்குப் பல கதவுகளைத் திறந்துவைத்திருந்தன. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பொதுவெளிக்கு வந்த பெண்களில் பலர் இப்படித் திறந்த கதவுகள் வழியே வந்தவர்கள். வந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

1923-இல் காங்கிரசில் சேர்ந்தார். 1926-இல் பாரிசில் நடந்த அனைத்துலகப் பெண்கள் வாக்குரிமைக் கூட்டணியின் மாநாட்டுக்குப் போனார். அதே மாநாட்டுக்குச் சென்னையிலிருந்து போன இன்னொரு பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இவர்கள் இருவரின் கதையையும் சேர்த்துப் படித்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு வாக்குரிமை 1921-இலேயே கிடைத்துவிட்டது. ஆனால் சட்டமன்றத்தில் உறுப்பினராகும் தடை 1926-இல்தான் விலகியது. அந்த ஆண்டு மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தேர்தல் வழியே ஒரு பெண்ணும் உள்ளே வரவில்லை. அரசு முத்துலட்சுமியை நியமன உறுப்பினராக்கியது. வந்த சில வாரங்களிலேயே, 1927 தொடக்கத்தில், சட்டமன்றம் அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அன்றைய தமிழில் அவைத் தலைவருக்கு அக்கிராசனர், அக்கிராசனாதிபதி என்று பெயர். முதல் ஆசனத்துக்கு உரியவர் என்று பொருள். பின்னர் சபாநாயகர் என்ற சொல் வந்தது. இப்போது பேரவைத் தலைவர் என்கிறோம். தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்தச் சொற்களில் ஓர் உறுத்தல் உண்டு. சபாநாயகர் என்பதன் 'அர்' விகுதி மரியாதைப் பன்மை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனம் ஓர் ஆணைத்தான் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. 'சபாநாயகி' என்று யாரும் சொல்வதில்லை. நாயகி என்றால் நமக்குத் திரைப்படம்தான் நினைவுக்கு வரும்.

'துணை' என்ற சொல் இதைவிடக் கூர்மையானது. துணைத் தலைவர் என்பதில் வரும் துணையும் துணைவி என்பதில் வரும் துணையும் ஒன்றே. ஆட்டோவில் என் மாணவி அறியாமல் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். வீட்டில் துணைவி, அவையில் துணைத் தலைவர். முதல் ஆசனத்துக்குப் பக்கத்து ஆசனம்.

ஆனால் முத்துலட்சுமி அந்தத் துணை இருக்கையில் ஒரு சந்து கண்டார். அவைத் தலைவர் விவாதத்தில் கலந்துகொள்ளக் கூடாது. இருதரப்புக்கும் பொதுவாக இருக்க வேண்டும். துணைத் தலைவருக்கு அந்தக் கட்டுப்பாடு முழுநேரமும் கிடையாது. தலைவர் இல்லாதபோது மேலே ஏறி அமர வேண்டும். தலைவர் இருக்கும்போது கீழே இறங்கி உறுப்பினராகப் பேசலாம். முத்துலட்சுமி இறங்கினார். 1927-இல் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார். பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றார். 1929-இல் அறநிலையச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. தேவதாசிகளின் மானிய நிலம் கோயில் ஊழியக் கட்டிலிருந்து விடுபட அது வழி செய்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றாலும் விதை அவர் போட்டது. அந்தச் சட்டம் தேவதாசிப் பெண்களின் கலையையும் சொத்தையும் என்ன செய்தது என்ற கேள்வியைப் பின்னாளைய பெண்ணியர் எழுப்பியிருக்கிறார்கள். அது தனியே பேச வேண்டியது. இங்கு நான் கவனிப்பது ஒன்றைத்தான்: மரியாதைக்குக் கொடுத்த இருக்கையை அவர் மரியாதைக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

1930-இல் காந்தி கைதானபோது அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். அதே ஆண்டு ருக்மணி வேதாரண்யத்தில் உப்பெடுக்கச் சென்றார்.

தண்டி யாத்திரைக்குக் காந்தி தேர்ந்தெடுத்த 78 தொண்டர்களும் ஆண்கள். பெண்களை விலக்கியதை மார்கரெட் கசின்ஸ் போன்றவர்கள் அப்போதே வெளிப்படையாக எதிர்த்தார்கள். தெற்கே, ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் புறப்பட்டார்கள். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் மிரட்டியும் ஊர்கள் சோறு போட்டன. அந்தச் சோற்றை ஆக்கியவர்கள் யார் என்று எந்தப் பாடநூலும் எழுதுவதில்லை. நம் வீடுகளில் அடுப்படி யாருடையது என்று தெரிந்தவர்களுக்கு விடையும் தெரியும். ராஜாஜி கைதான பிறகும் வேதாரண்யத்தில் போராட்டம் நிற்கவில்லை. அந்தத் தொடர்ச்சியில்தான் ருக்மணி கைதானார். ஓராண்டுச் சிறை. உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சிறை புகுந்த முதல் பெண் என்று அவர் பெயர் வரலாற்றில் நின்றது.

1934-இல் ஓர் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குள் வந்தார். பிறகு 1937 பொதுத்தேர்தல். 1935 சட்டத்தின்படி சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. காங்கிரஸ் 159 இடங்களைப் பிடித்தது. ஜூலை 14 அன்று ராஜாஜி பிரதமராகப் பதவியேற்றார். மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். மறுநாள் புலுசு சாம்பமூர்த்தி அவைத் தலைவரானார். ருக்மணி லட்சுமிபதி துணைத் தலைவரானார்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்கலாம். வேதாரண்ய யாத்திரையை நடத்தியவர் பிரதமர். யாத்திரை யார் வீட்டிலிருந்து புறப்பட்டதோ அவர் அமைச்சர். ராஜாஜியின் அமைச்சரவையில் பத்துப் பேர். பத்துப் பேரும் ஆண்கள். அதே உப்புக்காகச் சிறை சென்ற பெண்ணுக்குத் துணை இருக்கை.

அன்று வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. அதே 1937-இல் ஐக்கிய மாகாணத்தில் அதே காங்கிரஸ் விஜயலட்சுமி பண்டிட்டை அமைச்சராக்கியது. மத்திய மாகாணத்திலோ அனுசுயாபாய் காலேயைத் துணை அவைத் தலைவராக்கியது. சென்னை இரண்டாவது வழியைப் பிடித்தது. ஒவ்வொரு முடிவுக்கும் அந்தந்த ஊரின் காரணம் இருந்திருக்கும். ஆனாலும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பெண்ணை எல்லோரும் பார்க்கும்படி உயரத்தில் உட்காரவைக்கலாம். கோப்பும் நிதியும் கையெழுத்தும் அவள் கைக்குப் போக வேண்டியதில்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் சங்க இலக்கியக் கருத்தரங்கு. பெண்பாற் புலவர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். அமைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, உங்களை அமர்வுத் தலைவராகவே போட்டுட்டோம்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எனக்கும் மகிழ்ச்சிதான். போன பிறகுதான் தெரிந்தது, அமர்வுத் தலைவர் கட்டுரை படிக்கக் கூடாதாம். பொன்னாடை போர்த்தினார்கள். மேசையில் ஒரு மணி வைத்தார்கள். ஒளவையாரைப் பற்றியும் வெள்ளிவீதியாரைப் பற்றியும் நான்கு ஆண்கள் கட்டுரை படித்தார்கள். பதினைந்து நிமிடம் ஆனதும் மணி அடிப்பது என் வேலை. ஒருவர் வெள்ளிவீதியாரைப் பற்றி அப்பட்டமான தவறு ஒன்றைச் சொன்னார். தலைவர் குறுக்கிடலாகாது. நான் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'தலைமை தாங்குதல்' என்ற தொடரில் தாங்குதல் என்ற வினை ஏன் இருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன்.

பேருந்து ஏறி வீட்டுக்கு வந்து மறக்கக்கூடிய சின்ன அனுபவம் அது. ருக்மணிக்கு அப்படி இல்லை. அவர் அந்த இருக்கையில் இருந்த காலத்தில் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள்.

1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்புக் கிளம்பியது. மறியல் செய்தவர்கள் மீது குற்றவியல் திருத்தச் சட்டம் பாய்ந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்தபோது காங்கிரஸ் எதிர்த்த அதே சட்டம். நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை அரங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலை அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தை வழங்கியது இந்தப் பெண்கள்தான். மறுநாள் டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் ஆகியோர் மறியல் செய்து கைதானார்கள். ஆறு வாரச் சிறை. தொடர்ந்து அலை அலையாகப் பெண்கள் போனார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73 பேர். தாய்மாரோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32.

ஒரே நகரம், ஒரே ஆண்டு. மூன்று தலைமைகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒற்றைவாடை அரங்கில் நீலாம்பிகை அம்மையாரின் தலைமை, பேசுவதற்கான தலைமை. மறியல் வரிசையின் முன்னால் நின்ற தருமாம்பாளின் தலைமை, சிறைக்குப் போவதற்கான தலைமை. சட்டமன்றத்தில் ருக்மணியின் தலைமை, பிறர் பேசுவதை ஒழுங்குபடுத்துவதற்கான தலைமை. எட்டு ஆண்டுக்கு முன் ஓர் அரசாங்கத்தின் சட்டத்தை மீறிச் சிறை சென்ற பெண், இன்னோர் அரசாங்கம் சட்டத்தை மீறிய பெண்களைச் சிறைக்கு அனுப்பியபோது அந்த ஆளுங்கட்சியின் சார்பில் அவைத் துணைத் தலைவராக இருந்தார்.

மாணவிகளிடம் இதைச் சொன்னபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "அப்ப அவங்க துரோகிதானே மேம்?" என்றாள் ஒருத்தி. "அந்த சேர்ல உட்கார்ந்தா யாரா இருந்தாலும் அப்படித்தான்டி" என்றாள் இன்னொருத்தி. இருவருக்கும் நான் உடன்படவில்லை. துரோகி என்று சொன்னால், அமைச்சரவையில் முடிவெடுத்த பத்து ஆண்களையும் விட்டுவிட்டு, முடிவெடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்த்திவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலையில் பாரத்தை ஏற்றுகிறோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் என்றால், முத்துலட்சுமி இதே துணை இருக்கையிலிருந்து இறங்கிவந்து பேசியதையும், கடைசியில் அதை உதறிவிட்டுப் போனதையும் மறந்துவிடுகிறோம்.

பெண் வரலாறு எழுதும்போது நமக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. 'முதல் பெண்' என்ற பட்டியலைத் தயாரிப்பதோடு நின்றுவிடுகிறோம். போட்டித் தேர்வுக் கையேடுகள் அந்தப் பட்டியலில்தான் வாழ்கின்றன. முதல் பெண் மருத்துவர், முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் அமைச்சர். முதலாவதாக வந்தவளுக்கு எந்த இருக்கை கிடைத்தது, அதிலிருந்து அவளால் என்ன செய்ய முடிந்தது, அதே நேரத்தில் கதவுக்கு வெளியே எந்தப் பெண்கள் நின்றார்கள் என்று பட்டியல் சொல்லாது. ருக்மணியை உப்புச் சத்தியாகிரகி என்று கொண்டாடுகிறவர்கள் 73 பெண்களைச் சொல்வதில்லை. 73 பெண்களைக் கொண்டாடுகிறவர்கள் ருக்மணியைச் சொல்வதில்லை. இரண்டு கட்சிகள் இரண்டு வரலாறுகளை எழுதிக்கொண்டன. நமக்கு இரண்டும் வேண்டும்.

1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமல் போரில் இறக்கியதைக் கண்டித்து, காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1940-இல் தனிநபர் சத்தியாகிரகத்தில் ருக்மணி மறுபடியும் சிறை சென்றார். அவையில் ஒழுங்கு காத்தவர் மீண்டும் சட்டத்தை மீறினார். இந்த வாழ்க்கை ஒரே நேர்க்கோட்டில் போகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

1946 தேர்தலில் வென்று, பிரகாசம் அமைச்சரவையில் பொதுச் சுகாதார அமைச்சரானார். சென்னை மாகாணம் என்ற அந்தப் பெரிய நிலப்பரப்பின் முதல் பெண் அமைச்சர். கடைசிப் பெண் அமைச்சரும் அவரே. முதன்முறையாகக் கோப்பும் கையெழுத்தும் அவர் கைக்கு வந்தன. ஏறத்தாழ பதினோரு மாதம். 1947 மார்ச்சில் காங்கிரசின் உட்கட்சிப் பூசலில் பிரகாசம் கவிழ்ந்தார். அடுத்து வந்த ஓமந்தூரார் அமைச்சரவையில் பெண் ஒருவரும் இல்லை. அந்த ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றபோது, உப்புக்காகச் சிறை சென்ற பெண் அமைச்சரவைக்கு வெளியே இருந்தார்.

1951 ஆகஸ்ட் 6 அன்று ருக்மணி லட்சுமிபதி காலமானார். சில மாதங்களில் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது. சொத்து, படிப்பு, கணவனின் தகுதி என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல் எல்லாப் பெண்களும் வரிசையில் நின்று வாக்களித்த முதல் தேர்தல். 1926-இல் வாக்குரிமைக்காகப் பாரிஸ் போனவர் அதைப் பார்க்கவில்லை.

அந்தத் துணை இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த முதல் ஆசனம் என்ன ஆனது? இந்திய மாநிலச் சட்டமன்றம் ஒன்றில் முதல் பெண் பேரவைத் தலைவர் 1966-இல் அரியானாவில் வந்தார். பெயர் ஷன்னோ தேவி. மக்களவைக்கு 2009-இல் மீரா குமார் வந்தார். பெண்களுக்கு எல்லாருக்கும் முன்னே வாக்குரிமை கொடுத்தோம், பெண்ணை முதலில் அவைத் துணைத் தலைவராக்கினோம் என்று பெருமை பேசும் நம் மாநிலத்தில், 1937-இல் சாம்பமூர்த்தி அமர்ந்தது முதல் 2021-இல் அமைந்த பதினாறாவது சட்டமன்றம் அப்பாவுவைத் தேர்ந்தெடுத்தது வரை, தேர்தல் மூலம் அந்த ஆசனத்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஆண். இரண்டு பெண் முதலமைச்சர்களைக் கண்ட அவை இது. முதல் ஆசனத்துக்கு மட்டும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்ததில்லை.

சென்ற முறை காப்பகத்துக்குப் போனபோது மாணவிகளை வேண்டுமென்றே நடத்தியே கூட்டிவந்தேன். காந்தி இர்வின் சாலையில் தாளமுத்து நடராசன் மாளிகை இருக்கிறது. இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு 1939-இல் இறந்த இருவரின் பெயர். அங்கிருந்து நடக்கும் தொலைவில் ருக்மணி லட்சுமிபதி சாலை. எழும்பூரில் இந்த இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த 73 பெண்கள் எங்கே என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, முதல்முறை ஆட்டோவில் வந்தவர்களுக்கு மூன்று ஆண்டு இளையவள் ஒருத்தி, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேம், எனக்கு மாசம் ஆயிரம் ரூபா வந்துச்சே, புதுமைப்பெண் திட்டம். அந்த ஃபார்ம்ல மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்னு போட்டிருக்கும். அவங்கதானா இவங்க?"

அவர்தான் என்றேன். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குள் தள்ளப்பட்டு, அதிலிருந்து வெளியே வந்து, அதை எதிர்த்து நாவல் எழுதி, இந்த நகரத்தில் மறியல் செய்து சிறைக்குப் போனவர். அவரைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியில் அவைத் துணைத் தலைவராக இருந்தவரின் பெயர்தான் இந்தப் பலகையில் இருக்கிறது, இவரும் தன் பங்குக்கு இருமுறை சிறை சென்றவர் என்றும் சொன்னேன். அவள் பலகையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து இரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள்.